வெற்றுக் கட்டமும் கறுப்புப் புள்ளியும்: ஒரு கவுண்டியின் இயற்கைக் கணக்கை வாசிப்பது எப்படி

இங்கிலாந்தின் கிழக்கே வட கடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது நார்ஃபோக் கவுண்டி. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம். அங்குள்ள ஏதாவது ஓர் அந்திப்பூச்சியின் பரவல் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், ஓரிடத்தில் கறுப்புப் புள்ளிகள் கொத்துக் கொத்தாக இருக்கும். பக்கத்திலேயே பத்துக் கிலோமீட்டருக்கு வெறுமை. பூச்சி அங்கே இருக்கிறது, இங்கே இல்லை என்றுதான் முதலில் தோன்றும். இந்தத் தரவோடு தினமும் புழங்குகிறவர்கள் கேட்பது வேறு கேள்வி: அந்தக் கொத்தின் நடுவில் யார் வீட்டுக் கொல்லையில் விளக்குப் பொறி இருக்கிறது?

கேலிக்காகக் கேட்பதில்லை. அந்திப்பூச்சிப் பதிவுகளில் பெரும்பங்கு அப்படித்தான் வருகிறது. பெட்டியின் மேல் பிரகாசமான விளக்கு, அதன் கீழே புனல், பெட்டிக்குள் முட்டை அடுக்கி வரும் அட்டைத் தட்டுகள். இரவில் விளக்கைத் தேடி வந்த பூச்சி புனல் வழியே விழுந்து அட்டைக் குழியில் ஒண்டிக்கொள்ளும். விடிந்ததும் ஒவ்வொரு தட்டாகத் தூக்கிப் பார்த்து, பெயரையும் எண்ணிக்கையையும் எழுதிக்கொண்டு, பூச்சிகளைப் புதருக்குள் விட்டுவிடுவார்கள். இருபது வருடமாக விடாமல் இதைச் செய்கிற ஒருவர் இருக்கும் ஊர் வரைபடத்தில் கறுத்துப்போகும். அடுத்த ஊரில் அப்படி ஒருவர் இல்லையென்றால் அது வெள்ளையாகவே கிடக்கும்.

ஒரு கவுண்டியின் இயற்கை எப்படி இருக்கிறது என்று சொல்லும் எந்த அறிக்கைக்கும் அடியில் இருப்பது இப்படிச் சேர்ந்த லட்சக்கணக்கான பதிவுகள். அறிக்கையின் எண்ணைப் படிப்பதற்கு முன் எண்ணியவர் எங்கே நின்று எண்ணினார் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நார்ஃபோக்கை வைத்து இதைச் சொல்வது வசதி. பதிவு எழுதும் பழக்கம் அங்கே பழையது, நிலமும் பலவகை.

கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம். நார்ஃபோக்கின் பரப்பு சுமார் 5,370 சதுர கி.மீ.; மக்கள் 9 லட்சத்துக்குச் சற்று மேல். கிழக்கே பிராட்ஸ் எனப்படும் ஆழமில்லாத ஏரிகள். தென்மேற்கே மழை குறைந்த மணற்பாங்கான பிரெக்ஸ். வடகரை நெடுக உப்புச் சதுப்பு. நடுவே சுண்ணாம்புப் பாறையில் ஊறி வரும் வென்சம், கிளேவன் போன்ற தெளிந்த ஆறுகள். மிச்சத்தில் பெரும்பகுதி உழுத வயல். கவுண்டி அளவிலான முதல் வனவுயிர் அறக்கட்டளை 1926இல் பிறந்தது இங்கேதான், கிளே சதுப்பை விலைக்கு வாங்கிக் காப்பதற்காக. இயற்கை ஆர்வலர் சங்கம் அதற்கும் முன்பே, 1869இலேயே தொடங்கிவிட்டது. இன்று பதிவுகளைச் சேர்த்து வைத்திருப்பது கவுண்டி கவுன்சிலின் கீழ் இயங்கும் நார்ஃபோக் பல்லுயிர்த் தகவல் மையம். இதுபோன்ற மையங்கள் இங்கிலாந்தின் பெரும்பாலான கவுண்டிகளில் உண்டு.

என்ன, எங்கே, எப்போது, யார்

ஓர் உயிரினப் பதிவுக்கு நாலு விவரம் கட்டாயம்: என்ன இனம், எங்கே, எந்தத் தேதியில், பார்த்தவர் யார். இதில் ஒன்று விட்டுப்போனாலும் மையம் அதைத் தள்ளிவைத்துவிடும். எண்ணிக்கை, ஆணா பெண்ணா, புழுவா முட்டையா என்பதெல்லாம் இருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

அதிகம் சொதப்புவது ‘எங்கே’. பிரிட்டனின் நில அளவை வரைபடம் நாட்டை 100 கி.மீ. சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்து கொடுத்திருக்கிறது. நார்ஃபோக் டிஎஃப், டிஜி, டிஎல், டிஎம் என்ற நாலு சதுரங்களில் பரவிக் கிடக்கிறது. எழுத்துகளுக்குப் பின் வரும் எண்களை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்: முதல் பாதி கிழக்கே எவ்வளவு, பின்பாதி வடக்கே எவ்வளவு. டிஜி 20 என்றால் 10 கி.மீ. கட்டம். டிஜி 2308 என்றால் 1 கி.மீ. கட்டம், நாரிச் நகரின் நடுப்பகுதி அதில் வந்துவிடும். ஆறு இலக்கம் கொடுத்தால் 100 மீட்டர், எட்டு கொடுத்தால் 10 மீட்டர்.

முன்பாதியையும் பின்பாதியையும் மாற்றி எழுதிவிட்டால் டிஜி 2308 என்பது டிஜி 0823 ஆகிவிடும். நாரிச் தெருவில் பார்த்த பறவை 21 கி.மீ. வடமேற்கே, ரீபம் பக்கத்து வயலில் போய் உட்காரும். டிஜி என்பதை டிஎஃப் என்று அடித்துவிட்டால் நூறு கி.மீ. மேற்கே, கவுண்டிக்கே வெளியே போய்விடும். தவறிப்போன பதிவு கடலுக்குள் விழுந்தால் நல்ல காலம். யார் கண்ணிலும் படும். வயலில் விழுந்ததுதான் வருடக்கணக்கில் மறைந்து கிடக்கும்.

இன்னொரு பிழை நுணுக்கமானது. கட்டக் குறியீடு ஒரு புள்ளியைச் சுட்டுவதில்லை. தென்மேற்கு மூலையில் தொடங்கி விரியும் ஒரு சதுரத்தைச் சுட்டுகிறது. அதை அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றும்போது சில மென்பொருள்கள் மூலையை எடுத்துக்கொள்ளும், சில நடுமையத்தை எடுத்துக்கொள்ளும். 1960களில் ‘டிஜி 31’ என்று மட்டும் எழுதிவைத்த ஒரு சதுப்பு நிலத் தாவரம், திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு கார் நிறுத்துமிடத்தின் நடுவே முளைத்திருக்கும். அதனால்தான் தரவுக் கோப்பைத் திறந்ததும் இனத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன் ‘துல்லியம்’ என்ற நெடுவரிசையைப் பார்க்க வேண்டும். 10 கி.மீ. துல்லியப் பதிவையும் 10 மீட்டர் துல்லியப் பதிவையும் ஒரே அளவுப் புள்ளியாகப் போடுகிற வரைபடம் பொய் சொல்கிறது. வேண்டுமென்றே மங்கலாக்கிய பதிவுகளும் உண்டு. அரிய வேட்டைப் பறவைகளின் கூடு, திருட்டுப் போகும் ஆர்க்கிட் போன்றவற்றின் சரியான இடத்தைப் பொதுவில் காட்டாமல் பெரிய கட்டமாகத்தான் காட்டுவார்கள்.

‘எப்போது’ என்பதில் ஒரு பழைய கண்ணி இருக்கிறது: ஜனவரி 1. பழைய குறிப்பேட்டில் ‘1983’ என்று வருடம் மட்டும் இருந்திருக்கும். கணினியில் ஏற்றியவர் தேதிப் பெட்டியை நிரப்ப 01-01-1983 என்று போட்டிருப்பார். ஒரு வண்ணத்துப்பூச்சி நடுக்குளிரில் சிறகடிக்கிறதென்றால் அது பருவநிலை மாற்றமாக இருக்கவேண்டும் என்பதில்லை, தட்டச்சாகவும் இருக்கலாம். இது தெரியாமல் ‘பூச்சிகள் முன்கூட்டியே வெளிவருகின்றன’ என்று சராசரி போட்டால் ஆய்வே கவிழ்ந்துவிடும்.

‘என்ன’ என்பதும் காலத்தோடு மாறும். பிரிட்டனில் எங்கும் காணப்படும் சின்ன பிபிஸ்ட்ரெல் வௌவால் நெடுங்காலம் ஒரே இனமாகத்தான் எழுதப்பட்டது. 1990களில் அது இரண்டு இனம் என்று பிரித்தார்கள்: ஒன்றின் ஒலி 45 கிலோஹெர்ட்ஸ் அருகே, மற்றதன் ஒலி 55 அருகே. அதற்கு முந்தைய பதிவுகளை இன்று எந்த இனத்தில் சேர்ப்பது? எதிலும் சேர்க்க முடியாது. வரைபடத்தில் ஓர் இனம் 1990களின் பின்பாதியில் திடீரென்று முளைத்ததுபோல் தெரிந்தால் காரணம் இதுதான்.

சரிபார்ப்பு நடப்பது அநேகமாகச் சம்பளமில்லாத கைகளில். பறவை, தும்பி, சிலந்தி, பாசி என்று ஒவ்வொரு பிரிவுக்கும் கவுண்டியில் ஒருவர் இருப்பார். அந்தப் பிரிவில் ஊறினவர். வரும் பதிவை இடம், பருவம், அடையாளம் காண்பதில் உள்ள சிரமம் ஆகிய மூன்றையும் வைத்து எடை போடுவார். சுவாலோடெயிலை எடுத்துக்கொள்ளலாம், நம் எலுமிச்சை அழகியின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய மஞ்சள் வண்ணத்துப்பூச்சி. பிரிட்டனுக்கே உரிய துணையினம் நார்ஃபோக் பிராட்ஸில் மட்டும்தான் இருக்கிறது, ஏனென்றால் அதன் புழு மில்க் பார்ஸ்லி என்ற ஒரே சதுப்புச் செடியை நம்பி வாழ்கிறது. ஜூனில் ஹிக்ளிங் ஏரிக்கரையில் பார்த்தேன் என்றால் உடனே ஏற்றுக்கொள்வார். பிரெக்ஸ் மணற்காட்டில் பார்த்தேன் என்றால் படம் கேட்பார். ஐரோப்பியக் கண்டத்துத் துணையினம் எப்போதாவது கடல் தாண்டி வரும். தோட்டத்தில் யாராவது வளர்த்து விட்டதாகவும் இருக்கலாம். படம் இல்லையென்றால் பதிவு நிலுவையில் நிற்கும். பார்த்தவருக்குக் கோபம் வருவது இயல்புதான்.

எல்லைக்கோடு பற்றி ஒரு சின்ன விஷயம். நிர்வாகக் கவுண்டியின் எல்லை அரசாங்கம் மாற்ற மாற்ற மாறும். நூற்றைம்பது வருடப் பதிவுகளை ஒப்பிட நகராத எல்லை வேண்டும். எச்.சி. வாட்சன் என்ற தாவரவியலாளர் 1852இல் போட்ட பிரிவுகளை இன்றும் அதற்காகவே வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் நார்ஃபோக் இரண்டு: கிழக்கு 27, மேற்கு 28, நடுவே 1 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை ஓடுகிறது. வரி கட்டுவதில் நார்ஃபோக்கைச் சேர்ந்த கோர்ல்ஸ்டன் ஊரின் செடிகள் தாவரக் கணக்கில் இன்னும் கிழக்கு சஃபோக்கில்தான் இருக்கின்றன. இரண்டு அறிக்கைகள் ‘நார்ஃபோக்கில் இத்தனை இனம்’ என்று வெவ்வேறு எண் சொன்னால் முதலில் பார்க்கவேண்டியது எந்த நார்ஃபோக் என்பதை.

தேடினால் கிடைக்கும்

2012 அக்டோபரில் நார்ஃபோக்கின் ஆஷ்வெல்தார்ப் காட்டில் ஆஷ் மரங்கள் நுனியிலிருந்து காய்ந்துவருவதற்குக் காரணம் ஒரு பூஞ்சை என்று உறுதியானது. நாற்றங்காலுக்கு வெளியே, இயற்கைக் காட்டில் பிரிட்டனில் உறுதிசெய்யப்பட்ட முதல் இடம் அது. செய்தி வந்த சில வாரங்களுக்குள் கிழக்கு இங்கிலாந்து முழுக்கப் புள்ளிகள். நோய் அந்த வேகத்தில் ஓடவில்லை, ஆட்கள் ஓடினார்கள். சில மரங்களில் நோய் அதற்குச் சில வருடங்கள் முன்பே தொற்றியிருந்தது பிறகு தெரியவந்தது. அந்த வருடத்து வரைபடம் தேடலின் பரவலைக் காட்டுகிறது. பூஞ்சையின் பரவலை அதிலிருந்து நேரடியாக எடுக்க முடியாது.

இந்தக் கோணலைத் தவிர்க்க இரண்டு வழி. ஒன்று, முறை வைத்து எண்ணுவது. 1994 முதல் நடக்கும் இனப்பெருக்கப் பறவைக் கணக்கெடுப்பில் எங்கே போவது என்பதைத் தன்னார்வலர் தீர்மானிப்பதில்லை, 1 கி.மீ. கட்டங்கள் குலுக்கல் முறையில் தேர்வாகின்றன. கிடைத்த கட்டம் பறவை கொஞ்சும் ஏரிக்கரையாக இருக்கலாம், சர்க்கரை எடுக்கப் பயிரிடும் வெறும் பீட் கிழங்கு வயலாகவும் இருக்கலாம். எதுவானாலும் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து மே நடுவுக்குள் ஒருமுறை, அதன்பின் ஜூன் முடிவதற்குள் ஒருமுறை, அதிகாலையில் இரண்டு இணையான தடங்களில் ஒவ்வொரு கிலோமீட்டர் நடந்து, கண்டதும் கேட்டதும் எழுதவேண்டும். பறவை 25 மீட்டருக்குள்ளா, 100க்குள்ளா, அதற்கும் அப்பாலா என்று தூரத்தையும் குறிப்பார்கள். தூரம் கூடக்கூடக் கண்ணில் தப்பும் பறவை கூடும் என்பதால், பிறகு கணக்கில் திருத்த அந்த மூன்று பட்டை வேண்டும். ஒன்றும் காணாத 200 மீட்டருக்குச் சுழியம் போடுவார்கள். கட்டுப்பாடில்லாத பதிவுகளில் கிடைக்காத பொருள் அந்தச் சுழியம்தான்.

வண்ணத்துப்பூச்சிக்கு 1976 முதல் நடைத்தட முறை. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 29 வரை 26 வாரம், வாரம் ஒருமுறை, அதே தடத்தில். இருபுறமும் 2.5 மீட்டர், முன்னே 5 மீட்டர். இந்தக் கற்பனைப் பெட்டிக்குள் வருவதை மட்டும் எண்ணவேண்டும். காலை 10.45க்கும் மாலை 3.45க்கும் இடையில், வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே இருந்தால் போகக்கூடாது, 17க்குள் இருந்தால் வெயிலும் வேண்டும். ஆறு மீட்டர் தள்ளி ஒரு சுவாலோடெயில் பறந்தால்? பார்த்து ரசிக்கலாம், எண்ணக்கூடாது. இதில் தன்னார்வலர்கள் தடுமாறுவது நிறைய. போன வருடம் வந்தவர் அதை எண்ணாமலும் இந்த வருடத்தவர் எண்ணியும் விட்டால், வரைகோடு ஏறுவது பூச்சியால் அல்ல.

இரண்டாவது வழி, முறையில்லாமல் வந்த பதிவுகளைக் கணக்கால் சரிக்கட்டுவது. ஒரு கட்டத்தில் ராபின், கரும்பறவை மாதிரி எங்கும் இருக்கவேண்டிய சாதாரண இனங்களே பதிவாகவில்லையென்றால், அங்கே யாரும் ஒழுங்காகத் தேடவில்லை என்று அர்த்தம். அந்தக் கட்டத்தின் ‘இல்லை’க்கு எடை குறைவு. எளிய யோசனை. அரிய இனத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளச் சாதாரண இனத்தை எழுதிவைக்க வேண்டும் என்பது இதன் மறுபக்கம். பெரும்பாலானவர்கள் குருவியை எழுதுவதில்லை.

எண்ணும் முறை மாறுவதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நார்ஃபோக் வடகரையின் பிளேக்னி முனையில் சாம்பல் சீல்கள் 2001இல் ஈன்றவை 25 குட்டிகள். பிறகு அது ஆயிரங்களைத் தொட்டது. ஒவ்வொரு குட்டியாக நடந்து எண்ணுவது கூட்டத்துக்கும் ஆளுக்கும் ஆபத்தாகிப்போக, ஒரு பகுதியில் எண்ணி மொத்தத்தை மதிப்பிடும் முறைக்கு மாறினார்கள். ஏற்றம் உண்மை, மாறிய வருடத்துக்கு முன்னும் பின்னுமுள்ள எண்களைக் கழித்து ‘இவ்வளவு சதவீதம் கூடியது’ என்று சொல்வதுதான் தப்பு. பிட்டர்ன் என்னும் நாணற்காட்டுக் குருகை எடுத்தால், பறவையைப் பார்த்து எண்ணுவதே இல்லை. நாணலுக்குள் அது கண்ணில் படாது. வசந்தத்தில் விடிவதற்கு முன் ஆண் பறவை முரசு மாதிரி முழங்கும். இரண்டு பேர் வெவ்வேறு இடத்தில் நின்று ஒரே நேரத்தில் திசைமானியால் திசை குறித்து, கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு பறவை என்று போடுவார்கள். பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அற்றுப்போன இந்தப் பறவை 1911இல் மீண்டும் கூடு கட்டியது பிராட்ஸில்தான். 1997இல் நாடு முழுவதும் முழங்கியவை 11. இப்போது 200க்கு மேல். இவை முழங்கும் ஆண்கள் மட்டும் என்பது செய்திகளில் அடிக்கடி தொலைந்துபோகிறது.

நீரின் கணக்கு

உயிரினத்தை விட்டு ஆற்றுக்கு வந்தால் எண்கள் கறாராக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். 2016இல் இங்கிலாந்தின் மேற்பரப்பு நீர்நிலைகளில் 97 சதவீதம் வேதியியல் தேர்வில் தேறின. 2019இல் தேறியது சுழியம். மூன்று வருடத்தில் நாடு முழுக்க நஞ்சாகிவிடவில்லை. பாதரசம், அறைகலன்களில் சேர்க்கும் தீத்தடுப்புப் பொருள்கள் போன்றவற்றை நீரில் தேடுவதை விட்டு மீனின் உடலில் தேடத் தொடங்கினார்கள், அளவுகோலையும் இறுக்கினார்கள். எங்கும் நிறைந்திருந்த பொருள்கள் அப்போதுதான் கணக்கில் ஏறின. சூழலியல் நிலையில் ‘நல்லது’ என்று தேறியவை 16 சதவீதம். அதிலும் ஒரு விதி உண்டு: மீன், பூச்சி, செடி, பாஸ்பரஸ் என்று பல பாடத்தில் ஒன்றில் தோற்றாலும் மொத்தமும் தோல்வி. பள்ளிக்கூட மதிப்பெண் பட்டியல் மாதிரிதான். அதனால் ஓர் ஆறு நாலு பாடத்தில் முன்னேறி ஒன்றில் நின்றுவிட்டால், மொத்த முடிவைச் சொல்லும் எண்ணில் எந்த மாற்றமும் தெரியாது. பாடவாரியாகப் பிரித்துப் பார்க்காமல் ஆற்றைப் பற்றிப் பேசமுடியாது.

மாதம் ஒரு குப்பி நீர் எடுத்துச் சோதிப்பது பழைய வழக்கம். வருடத்துக்குப் பன்னிரண்டு குப்பி. வயலிலிருந்து மண்ணோடு பாஸ்பரஸ் அடித்துக்கொண்டு வருவது கனமழை பெய்த சில மணி நேரத்தில். அந்த நேரத்தில் குப்பி எடுத்திருக்க வாய்ப்பு எவ்வளவு? இந்த ஓட்டையை ஓரளவு அடைப்பவை ஆற்றுப் பூச்சிகள். அவை அங்கேயே கிடந்து எல்லாவற்றையும் குடித்தவை.

அதை எண்ணுவது இப்படி: ஆழமில்லாத ஓட்டத்தில் நின்று, 1 மி.மீ. கண்ணி வலையை நீரோட்டம் வந்து மோதும்படி பிடித்து, வலைக்கு முன்னால் உள்ள கூழாங்கற்களைக் காலால் கிளறவேண்டும். மூன்று நிமிடம், அதைக் கல், மணல், செடி என்று அந்த இடத்தில் உள்ள பரப்புகளுக்குப் பங்கிட்டு. கூடவே ஒரு நிமிடம் கற்களைக் கையால் புரட்டித் தேடல். வலையில் விழுந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டி, மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ், நன்னீர்க் கூனி என்று எட்டுக் கூட்டங்களாகப் பிரிப்பார்கள். 1 முதல் 9 வரை இருந்தால் ஒரு மதிப்பெண், 99 வரை இரண்டு, 999 வரை மூன்று, அதற்கு மேல் நாலு. கூட்டல் அந்த இடத்துக்கென்று வைத்த எச்சரிக்கை அளவுக்குக் கீழே போனால் உடனே இரண்டாம் முறை எடுத்துப் பார்த்து, அப்போதும் குறைவென்றால் சுற்றுச்சூழல் முகமைக்குத் தகவல். கெடுவது பெரும்பாலும் சில்லறைக் காரணங்களால்: வெள்ளம் வடிந்த மறுநாள் எடுத்தது, தட்டில் நீரைத் தேங்கவிட்டுப் பூச்சி செத்தது, முந்தைய ஆற்றின் ஈரத்தோடு காலணியை இன்னோர் ஆற்றில் வைத்து நோய் கொண்டுபோனது.

சாக்கடை வழிந்து ஆற்றில் கலக்கும் எண்ணிக்கையையும் அறிந்து படிக்கவேண்டும். 2023இல் இங்கிலாந்தில் 4,64,056 முறை வழிந்தது, மொத்தம் 36 லட்சம் மணி நேரம். முந்தைய வருடம் 3,01,091 முறை. 2022 வறட்சி, 2023 அடைமழை என்பது ஒன்று. ‘ஒரு முறை’ என்பதன் கணக்கு இன்னொன்று: தொடங்கியதிலிருந்து முதல் 12 மணி நேரத்துக்குள் வழிந்ததெல்லாம் ஒன்று; அதற்குப் பிறகு ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் ஒன்று. ஐந்து நிமிடம் வழிந்தாலும் ஒன்று, பன்னிரண்டு மணி நேரம் கொட்டினாலும் ஒன்று. கருவி நேரத்தை மட்டும் அளக்கிறது. எத்தனை லிட்டர் போனது என்று அதற்குத் தெரியாது.

பிராட்ஸ் ஏரிகளின் கதையே தரவு திருத்திய கதை. அவை இயற்கை ஏரிகள் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். 1950களில் ஜாய்ஸ் லாம்பர்ட் ஏரிகளின் ஓரங்களில் துளையிட்டு மண்ணை எடுத்துப் பார்த்தபோது, கரை செங்குத்தாக இறங்குவது தெரிந்தது. இடைக்காலத்தில் எரிபொருளுக்காகக் கரிமண் வெட்டிய குழிகள், பின்னால் நீர் ஏறி ஏரியானவை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பாஸ்பரஸ் கூடி, நீர் பச்சைக்கூழாகி, அடிச் செடிகள் மறைந்தன. சுத்திகரிப்பு நிலையங்களில் பாஸ்பரஸை நீக்கிய பின்னும் பல ஏரிகள் தெளியவில்லை, ஏனென்றால் பல்லாண்டுச் சரக்கு சேற்றில் இருந்தது. பார்டன் ஏரியில் 1990களில் சேற்றையே உறிஞ்சி வெளியேற்ற வேண்டியிருந்தது. இது பழங்கதை இல்லை. 2022 மார்ச்சில் அரசின் இயற்கைப் பாதுகாப்பு ஆலோசனை அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து, வென்சம் ஆற்றுக்கும் பிராட்ஸுக்கும் வடியும் நிலத்தில் கட்டும் புது வீடுகள் சத்துக்கழிவு எதையும் கூடுதலாகச் சேர்க்காது என்று காட்டவேண்டும் என்றது. வீட்டு அனுமதிகள் முடங்கின. அன்றிலிருந்து ஒரு குடும்பம் வருடத்துக்கு எத்தனை கிலோ பாஸ்பரஸ் என்பது நார்ஃபோக்கில் கட்டடக்காரர்களும் பேசும் எண்.

புல்வெளிக்கு விலை

பதிவுக்குப் பணமதிப்பு வந்தது 2021 சுற்றுச்சூழல் சட்டத்தால். 2024 பிப்ரவரி 12 முதல் பெரிய கட்டுமானங்களும் ஏப்ரல் 2 முதல் சிறியவையும், அழிக்கும் இயற்கையைவிட 10 சதவீதம் கூடுதலாக உருவாக்கி 30 வருடம் பராமரிக்கவேண்டும். ஒரு நிலத்தின் இயற்கை மதிப்பை ‘அலகு’ என்ற எண்ணால் சொல்கிறார்கள். அதைக் கணக்கிடும் வழி: பரப்பு, தனித்துவம், நிலைமை, இட முக்கியத்துவம் ஆகிய நாலையும் பெருக்கவேண்டும். அரை ஹெக்டேர் புல்வெளி என்று வைத்துக்கொள்வோம். உரம் போட்டு மாற்றிய சாதாரணப் புல்வெளி, மோசமான நிலை என்று எழுதினால் 0.5 × 2 × 1 × 1, அதாவது 1 அலகு. அதே நிலத்தை நடுத்தரத் தனித்துவமுள்ள புல்வெளி, மிதமான நிலை என்று எழுதினால் 0.5 × 4 × 2 × 1, அதாவது 4 அலகு. ஈடுகட்ட வேண்டியது நாலு மடங்கு. வித்தியாசம் ஆய்வாளர் ஒரு சதுர மீட்டர் சட்டகத்தைத் தரையில் போட்டு எத்தனை செடியினம் எண்ணினார் என்பதில் இருக்கிறது. டிசம்பரில் போனால் பாதிச் செடி மண்ணுக்கடியில். நிலத்தை முன்கூட்டியே உழுது மதிப்பைக் குறைத்துக்கொள்ளும் தந்திரத்துக்குச் சட்டம் ஒரு தேதி வைத்திருக்கிறது: 2020 ஜனவரி 30க்குப் பின் அப்படிச் செய்திருந்தால் முந்தைய நிலைதான் கணக்கு. அப்போது பழைய பதிவும் பழைய வான்படமும் சாட்சிக்கு வரும். ஆனால் இந்தக் கணக்கில் வாழிடம் மட்டும்தான் நுழைகிறது. அதில் வாழும் டர்ட்டில் டவ் புறாவுக்கோ வௌவாலுக்கோ தனி எண் கிடையாது.

கட்டுமான ஆய்வு தொடங்கும்போது நிலத்தைச் சுற்றி, வழக்கமாக 2 கி.மீ. வட்டத்துக்கு, மையத்திலிருந்து தரவு வாங்குவார்கள். ‘கொண்டை நியூட் (குளத்தில் இனம்பெருக்கும், பல்லி போன்ற நீர்நில வாழ்வி) பற்றிப் பதிவு இல்லை’ என்று பதில் வந்தால், அந்த வரியை ‘நியூட் இல்லை’ என்று அறிக்கையில் எழுதிவிடும் பழக்கம் இன்னும் சாகவில்லை. நார்ஃபோக்கில் சுமார் 23,000 குளங்கள். வயலுக்குச் சுண்ணாம்பு மண் வெட்டிய குழிகளாகத் தோன்றியவையே அதிகம். தனியார் வயல் நடுவே, புதர் மூடி, யாரும் எட்டிப்பார்க்காதவை. இல்லை என்று சொல்லவேண்டுமானால் குளத்துக்குப் போகவேண்டும்: ஏப்ரல் 15க்கும் ஜூன் 30க்கும் இடையே, நீருக்குள் இறங்காமல், கரையைச் சுற்றி 20 இடத்தில் 30 மில்லி வீதம் நீர் அள்ளி, கலந்து, ஆறு குழாய்களில் 15 மில்லி வீதம் எத்தனாலோடு சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், நியூட் உதிர்த்த மரபணு இருக்கிறதா என்று தெரியும். கையுறை மாற்றாமல் அடுத்த குளத்துக்குப் போனால் இல்லாத நியூட் வந்துவிடும். கலங்கிய சேற்றை அள்ளினால் இருக்கிற நியூட் காணாமல் போகும்.

குளமே காணாமல் போனதும் உண்டு. வயலைப் பெரிதாக்க மண் கொட்டி மூடியவை பழைய நில அளவை வரைபடத்தில் மட்டும் சிறு வட்டமாக இருக்கும்; இன்றைய தரவில் அந்த இடம் வெறும் கோதுமை. ஈரமான காலத்தில் பயிர் சற்றுக் குன்றி, மண் கறுத்துத் தெரிவதை வைத்து இடத்தைக் குறித்து, பழைய அடிச்சேறு தட்டுப்படும்வரை மேல்மண்ணை எடுத்திருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு மேல் புதைந்து கிடந்த நீர்ச்செடி விதைகள் அந்தச் சேற்றிலிருந்து முளைத்தன. இப்போது அந்தக் கட்டத்துக்கும் ஒரு பதிவு உண்டு: இனம், இடம், தேதி, பார்த்தவர் பெயர்.